கணக்கில் இருக்கு, குடோனில் இல்லை

உங்களுக்குத் தெரியுமா?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் பாதி வழியில் கீரனூர். குளத்தூர் தாலுகாவின் தலைமையிடம். தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் அப்படியே உரம், மருந்து, மளிகை, சிம் கார்டு என்று எல்லாம் முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிற கடைவீதி. சிட்டை நோட்டில் எழுதிய இருப்புக் கணக்கு இன்று எக்செல் ஷீட்டுக்கு ஏறிவிட்டது. ஷீட் கூட்டிக் கொடுக்கும். கூட்ட வேண்டியதைத்தான் கூட்டியதா என்று பார்க்காது. அதைப் பார்ப்பது பற்றிய துணுக்குகள் இந்த முறை.

●

யூரியா மூட்டை 50 கிலோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? 2018 மார்ச் முதல் அது 45 கிலோ. விவசாயி உரத்தைக் கிலோவில் போடுவதில்லை, ‘ஏக்கருக்கு ஒரு மூட்டை’ என்றுதான் போடுகிறார். மூட்டையைச் சிறிதாக்கினால் யூரியா செலவும் குறையும் என்று அரசு போட்ட கணக்கு அது. டி.ஏ.பி. இன்றும் 50 கிலோ. கந்தகம் பூசிய ‘யூரியா கோல்டு’ 40 கிலோ. ஒரே குடோனில் மூன்று எடை.

இப்போது 2018-க்கு முன்னால் யாரோ செய்துகொடுத்த ஷீட் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மூட்டை எண்ணிக்கையை 50-ஆல் பெருக்கு என்று ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். 100 மூட்டை யூரியா இருந்தால் ஷீட் 5,000 கிலோ என்று காட்டும். குடோனில் இருப்பது 4,500. அரை டன் எங்கே போனது என்று கடைப் பையனை முறைத்துப் பயனில்லை. அது எங்கேயும் போகவில்லை, வரவே இல்லை. ஒவ்வொரு சரக்குக்கும் பக்கத்தில் மூட்டை எடைக்கென்று ஒரு கட்டம் வைத்து, ஃபார்முலாவை அந்தக் கட்டத்தைப் பார்க்க வைப்பதுதான் திருத்தம். 50-ஐ 45 என்று மாற்றி எழுதுவது திருத்தம் ஆகாது. அப்படிச் செய்தால் டி.ஏ.பி. கணக்கு கெடும்.

●

உரக்கடை வாசலில் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி மாட்டச் சொல்வது 1985-ம் வருடத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை. இப்போது விரல் வைக்கிற பி.ஓ.எஸ். கருவியிலும் ஓர் இருப்பு உண்டு. பலகை, கருவி, குடோன், ஷீட் என்று நாலு கணக்கு. ஆய்வுக்கு வரும் வேளாண் அதிகாரிகள் கருவியில் உள்ளதையும் குடோனில் உள்ளதையும் ஒப்பிட்டுத்தான் முதல் கேள்வியே கேட்பார்கள்.

●

கன்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் மூலையில் இருக்கும் சாவியைத் தட்டுங்கள். விடைகள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். மறுபடி தட்டினால் பழையபடி. முந்நூறு வரியிலும் ஒரே மாதிரி ஃபார்முலா ஓடுகிற இடத்தில் ஒரு வரியில் மட்டும் வெறும் 62 என்று இருந்தால், என்றோ ஒரு நாள் அவசரத்தில் யாரோ விடையைக் கையால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தச் சரக்கு வந்தாலும் 62, விற்றாலும் 62.

●

ஷீட் ஆயிரக்கணக்கான வரி என்றால் கண்ணால் தேட முடியாது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, எஃப்5 தட்டி, ‘ஸ்பெஷல்’ போய், ‘கான்ஸ்டன்ட்ஸ்’ என்பதைக் கொடுங்கள். ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் கையால் அடித்த எண் இருக்கும் கட்டங்களை மட்டும் எக்செல் பொறுக்கிக் காட்டும். அரை நிமிட வேலை. ஒரு ஷீட்டை யாராவது நீட்டினால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

●

தனிநபர் கணினிக்கான முதல் ஷீட்டான ‘விசிகால்க்’ 1979-ல் ஆப்பிள்-2 கணினிக்கு வந்தது. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும் செய்தது. ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதுதான் பிரிக்லினுக்கு அந்த யோசனை: ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லாம் தானே மாற வேண்டும். அந்த வசதியே ஒரு வினையும்கூட. ஓர் எண் தப்பானால் மற்ற எல்லாமும் தானே தப்பாகும்.

●

லண்டன் ஒலிம்பிக்ஸ், 2012. ஒத்திசைவு நீச்சல் போட்டிக்கு மீதமிருந்த டிக்கெட் 10,000. ஊழியர் ஒருவர் ஷீட்டில் 20,000 என்று அடித்துவிட்டார். இல்லாத 10,000 டிக்கெட் விற்றும் போய்விட்டது. வாங்கியவர்களுக்கு வேறு போட்டிகளின் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஒலிம்பிக்ஸ் என்றாலும் இது அச்சு அசலான ஸ்டாக் தப்பு: இருப்பைவிட அதிகமாக பில் போடுவது.

அரங்கின் மொத்த இருக்கை இவ்வளவு, அதற்கு மேல் எண் ஏற்காதே என்று ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். எக்செல்லில் ‘டேட்டா வேலிடேஷன்’ என்பது அதற்குத்தான். குடோனில் 400 மூட்டைக்கு மேல் அடுக்க இடமே இல்லை என்றால், 4,000 என்று யாராவது அடிக்கும்போது ஷீட் அதை ஏற்க மறுக்கட்டும்.

●

மருந்துக்கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கவும். எக்செல்லில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. ‘இந்தத் தேதி இன்றைய தேதிக்குப் பிந்தியதா?’ என்று ஃபார்முலா கேட்கும்போது, தேதி என்று நாம் நினைப்பது உண்மையில் எழுத்தாக உட்கார்ந்திருந்தால், விடை எப்போதும் ‘ஆமாம்’. அந்த மருந்து காலாவதியே ஆகாது.

தேதி எப்படி எழுத்தாகும்? கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் போதும். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நீங்கள் 13/06/2025 என்று அடித்தால் 13-ம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 05/06/2025 என்று அடித்தால் இன்னும் மோசம். ஜூன் 5 என்று நீங்கள் அடித்ததை மே 6 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. ஆக ஒரே நெடுவரிசையில் 12-ம் தேதி வரை உள்ளவற்றில் பெரும்பாலானவை தப்பான தேதி, 13-ம் தேதியிலிருந்து தேதியே அல்ல.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. நெடுவரிசையை அகலப்படுத்துங்கள். வலப்பக்கம் ஒட்டி நிற்பவை தேதி. இடப்பக்கம் ஒட்டி நிற்பவை எழுத்து. நடுவில் நிறுத்தி அழகு பார்த்திருந்தால் அந்த அலங்காரத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அழகு படுத்திய ஷீட்டில்தான் இந்தத் தப்பு அதிக நாள் ஒளிந்திருக்கும்.

●

காலாவதித் தேதி அடிக்காமல் வெறும் கட்டமாக விட்டால்? எக்செல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதன் நாட்காட்டி 1900 ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே நேற்று வந்து இறங்கிய மாத்திரை, 45,000 நாளுக்கு முன்பே கெட்டுப்போனதாகச் சிவப்பில் நிற்கும். இந்தத் தப்பு நல்லது. கண்ணில் படுகிறது.

அதே நாட்காட்டியில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாளும் உண்டு. நிஜத்தில் அப்படி ஒரு நாள் இல்லை. முந்திய லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தப்பு அது. அதனோடு ஒத்துப்போக வேண்டுமே என்று எக்செல் தெரிந்தே வைத்துக்கொண்டது.

●

அரசு மருத்துவமனை மாத்திரை அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வாங்கி அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலை 1 அன்று பதிவானது. மாவட்டக் கிடங்குகளைக் கணினியால் இணைத்து மருந்து இருப்பைப் பார்க்கும் முறையை ஆரம்ப ஆண்டுகளிலேயே கொண்டுவந்தது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு.

அதில் எனக்குப் பிடித்த அம்சம் கணினி அல்ல, பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப்புத்தகம் மாதிரி ஒன்று. அதன் ஒதுக்கீடு எவ்வளவு, எந்த மருந்து எவ்வளவு எடுத்தது, பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். கொடுக்கிறவரிடம் ஒரு கணக்கு, வாங்குகிறவர் கையில் ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். கடையில் ஒரே ஒரு ஷீட் வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் சப்ளையர் அனுப்பும் மாதாந்தர ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிப் போடாமல் தன் வரவோடு டிக் அடித்துப் பார்த்தால் பாதி வசதி கிடைத்துவிடும்.

●

பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் ஏறாது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறைக்கு இது தெரிய வந்த விதம் கொடுமை. பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய வகைக் கோப்பில் ஏற்ற, இடம் போதாமல் மிச்சம் உதிர்ந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் வரவில்லை.

நம் ஊர்க் கடைக்கு இது எதற்கு? ஒரு நாளைக்கு 200 பில் வரி என்று வையுங்கள். 328 நாளில் அந்தக் கூரை வந்துவிடும். 2007-ல் வந்த புதுக் கோப்பு வகையில் 10,48,576 வரி வரை போகலாம். கோப்பின் பெயர் எந்த மூன்றெழுத்தில், நான்கெழுத்தில் முடிகிறது என்று ஒரு முறை பாருங்கள்: கடைசியில் ஓர் ‘எக்ஸ்’ இருந்தால் புதுசு.

●

செல்போன் கடையில் சிம் கார்டு இருப்பை எக்செல்லில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. சிம் அட்டையின் முதுகில் 19 அல்லது 20 இலக்க எண் இருக்கும். இந்தியாவில் 8991 என்று தொடங்கும். எக்செல் எந்த எண்ணிலும் முதல் 15 இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும். மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஒரே கட்டாக வந்த 25 சிம்களின் எண்ணும் கடைசிச் சில இலக்கங்களில்தான் வித்தியாசப்படும். ஏற்றி முடித்துப் பார்த்தால் 25 சிம்முக்கும் ஒரே எண். அழிந்த இலக்கத்தை எந்த மந்திரம் போட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அட்டையைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். அடிப்பதற்கு முன்னால் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக 15 இலக்கம் என்பதால் மயிரிழையில் தப்பிக்கிறது.

●

இதே டெக்ஸ்ட் வைத்தியம் மளிகைக்கடைக்கும் வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லில் போடும் எச்.எஸ்.என். குறியீடு பருப்புக்கு 0713, டீத்தூளுக்கு 0902, மிளகுக்கு 0904. எக்செல்லில் அடித்தால் முன்னால் நிற்கும் பூஜ்யம் விழுந்துவிடும். அப்புறம் ஆடிட்டரின் பட்டியலில் 0713, உங்கள் ஷீட்டில் 713. இரண்டையும் பொருத்தினால் பருப்பே வாங்காத மளிகைக்கடையாகிவிடுவீர்கள்.

●

பேட்ச் எண் 3-12 என்றால் எக்செல்லுக்கு அது டிசம்பர் 3 அல்லது மார்ச் 12. பேட்ச் எண் 2இ5 என்று ஆங்கில எழுத்தோடு இருந்தால் இரண்டு லட்சம். உலகத்து மரபணு ஆய்வாளர்களே இதில் சிக்கினார்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற பெயருள்ள மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி, கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எக்செல்லில் சேர்த்தது 2023-ல்.

●

கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ஹார்வர்டு பேராசிரியர்கள். அரசின் கடன் மிகுந்தால் நாட்டின் வளர்ச்சி விழும் என்று 2010-ல் எழுதிய கட்டுரையைப் பல நாட்டு அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களிடமே ஷீட்டை வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30-ம் வரியிலிருந்து 44-ம் வரி வரை போனது. போக வேண்டியது 49-ம் வரி வரை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. இந்தத் தப்போடு வேறு சில தேர்வுகளையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீத வளர்ச்சி என்பது பிளஸ் 2.2 ஆனது.

கடை ஷீட்டில் இது நடக்கும் விதம்: புதுச் சரக்கு வந்தால் பட்டியலின் கடைசியில், மொத்தம் போட்ட வரிக்கு மேலே ஒரு வரி நுழைப்போம். கூட்டல் சில சமயம் தானே நீளும், சில சமயம் நீளாது. பட்டியலை எக்செல் ‘டேபிள்’ ஆக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

●

கூட்டலில் இன்னொரு மர்மம். எண் மாதிரி தெரிந்தாலும் எழுத்தாக இருக்கிற 50-ஐ, ‘சம்’ என்ற ஃபார்முலா கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். அதே கட்டங்களைக் கூட்டல் குறி போட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினால் அந்த 50-உம் சேரும். ஆகவே சந்தேகம் வந்தால் நாலைந்து கட்டத்தை இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். விடை வேறுபட்டால் உள்ளே ஒரு போலி எண் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அப்படியே ஒட்டிய ஷீட்களில் இதை எதிர்பார்க்கலாம்.

●

பட்டியலில் விலையைத் தேடி எடுக்கும் ‘விலுக்கப்’ ஃபார்முலாவின் கடைசி வார்த்தையை எழுதாமல் விட்டால், சரியான சரக்கு கிடைக்காதபோது ‘கிட்டத்தட்ட’ ஒன்றின் விலையை எடுத்துக் கொடுக்கும். பிழை என்று சொல்லாது. 2019-ல் அறிமுகமான ‘எக்ஸ்லுக்கப்’ அப்படிச் செய்யாது. இவ்வளவு வருடம் எத்தனை கடையில் பாமாயிலுக்கு நல்லெண்ணெய் விலை போட்டதோ!

●

ஃபார்முலாவில் பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று ‘இஃப்எரர்’ போட்டு மூடுவது பலருக்குப் பழக்கம். ஷீட் சுத்தமாகத் தெரியும். ஆனால் பெயர் பொருந்தாத சரக்குக்கு இருப்பு பூஜ்யம் என்றாகி, ‘உடனே ஆர்டர் போடு’ பட்டியலில் ஏறிவிடும். குடோனில் அது கூரை வரை அடுக்கியிருக்கும். பூஜ்யத்துக்குப் பதில் ‘பெயரைப் பார்’ என்று காட்டச் சொல்லுங்கள்.

●

கடலை, நிலக்கடலை, வேர்க்கடலை. மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து என்ட்ரி போட்டால் ஒரே மூட்டைக்கு மூன்று வரி. ஒன்றில் வரவு மட்டும் ஏறும், இன்னொன்றில் விற்பனை மட்டும் ஏறி மைனஸில் நிற்கும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதை. சரக்குக்கு ஓர் எண் கொடுத்து, பெயரைப் பட்டியலிலிருந்து மட்டும் தேர்வு செய்ய வைப்பதே வழி.

●

எவ்வளவு சரக்கு ஒரே தடவையில் வாங்கினால் லாபம் என்ற கணக்கை 1913-ல் போட்டவர் ஃபோர்டு ஹாரிஸ். வருட விற்பனையையும் ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒரு மூட்டையை ஒரு வருடம் வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருடம் 2,000 மூட்டை, வண்டி வாடகை உட்பட ஆர்டர் செலவு 400 ரூபாய், வைத்திருக்கும் செலவு மூட்டைக்கு 40 ரூபாய் என்றால் விடை 200 மூட்டை. வருடச் செலவு 8,000 ரூபாய்.

இந்தக் கணக்கு ரொம்பப் பொறுமைசாலி. 200-க்குப் பதில் 300 வாங்கினாலும் செலவு 8,667-தான். எட்டு சதவீதம் கூடுகிறது. 400 வாங்கினால்கூட 10,000. ஆகவே விற்பனையை ஐந்து, பத்து மூட்டை தப்பாக அடித்ததற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் விற்பனை வருடக் கணக்கிலும், வைத்திருக்கும் செலவு மாதக் கணக்கிலும் இருந்தால் ஷீட் 693 மூட்டை வாங்கச் சொல்லும். செலவு 15,000-ஐத் தாண்டும். எண்ணில் வரும் தப்பைவிட அலகில் வரும் தப்பு எவ்வளவு பெரியது என்று இந்த ஒரே கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

●

பாதுகாப்பு இருப்பு என்று கொஞ்சம் கூடுதலாக வைப்போம் அல்லவா? அதற்கான ஃபார்முலாவில் ஏற்ற இறக்கத்தை, சரக்கு வந்து இறங்க ஆகும் நாட்களின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒன்பது நாள் என்றால் மூன்றால். வர்க்கமூலத்தை மறந்து ஒன்பதாலேயே பெருக்கிவிட்டால் மூன்று மடங்கு சரக்கு குடோனில் தூங்கும். சரக்கு தீர்ந்துபோனால் வாடிக்கையாளர் வாசலில் நின்று சத்தம் போடுவார். தப்பு உடனே தெரியும். கூடுதலாகக் கிடக்கும் சரக்கைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, வட்டி மட்டும் ஓடும். ஷீட்டில் அதிகமாகக் காட்டும் தப்புகளைத்தான் வலிந்து தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2012-ல் 600 கோடி டாலருக்கு மேல் இழந்த ஜேபி மார்கன் வங்கியின் இடர்க் கணக்கு ஷீட்டில், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது.

●

சரக்கு வந்து சேர எல்லாவற்றுக்கும் ‘7 நாள்’ என்று ஒரே கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களா? திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து வருவது அன்றைக்கே வரும். சிவகாசிச் சரக்குக்கு ஆடியில் ஒரு கணக்கு, தீபாவளி நெருங்கும்போது வேறு கணக்கு. சராசரி 7 என்பது எந்தச் சரக்குக்கும் உண்மையல்ல.

●

கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனம் 2003-ல் 2.4 கோடி டாலர் இழந்தது ஒரு காப்பி-பேஸ்ட்டில். ஏலப் பட்டியலில் வரிகள் நழுவி, ஒன்றின் விலை இன்னொன்றுக்குப் போய்விட்டது. ஷீட்டில் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தி, பக்கத்து நெடுவரிசைகளை விட்டுவிட்டால் உங்களுக்கும் அதே அனுபவம். மொத்தம் மாறாது என்பதால் கூட்டிப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது.

●

ஃபிடலிட்டி மெகெல்லன் என்ற அமெரிக்க முதலீட்டு நிதி, 1994 கணக்கில் 130 கோடி டாலர் நஷ்டத்தின் முன்னால் இருந்த மைனஸ் குறியை விட்டுவிட்டது. நஷ்டம் லாபமானது. கடையில் இதன் சின்ன வடிவம் ‘ரிட்டர்ன்’. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த ஒரு பெட்டியை விற்பனையில் கழிக்காமல் கூட்டினால் இருப்பில் வித்தியாசம் ஒன்றல்ல, இரண்டு. வித்தியாசம் இரட்டைப்படை எண்ணாக வந்தால், அதன் பாதி அளவுக்கு ரிட்டர்ன் ஏதாவது உண்டா என்று முதலில் தேடுங்கள்.

●

மைனஸ் ஸ்டாக் என்பது எப்போதும் தப்புதான், ஆனால் பெரும்பாலும் ஒரே காரணம்: சரக்கு இறங்கிவிட்டது, விற்பனை பில்லும் போட்டாயிற்று, வரவு பில்லை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று இருப்பைக் கையால் ஏற்றிவிட்டால், நாளை வரவு பில் ஏறும்போது இரண்டு மடங்காகும்.

●

ஷீட் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் கணக்கு தப்பாகலாம். அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனம் ஒன்றில் 37 கடைகள், ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகள். நிகோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள்: 65 சதவீதப் பதிவு அலமாரியில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. ஆக, வருடக் கடைசியில் மார்ச் 31 அன்று மொத்தமாக எண்ணுவதைவிட, வேகமாக ஓடுகிற பத்துச் சரக்கை வாரா வாரம் எண்ணுவது உருப்படியான வேலை. எண்ணுகிறவர் கையில் ஷீட்டின் எண்ணைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதே எண்தான் திரும்பி வரும்.

●

தான் செய்த ஷீட்டில் தப்பு இருக்காது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரே பாங்கோ இதைப் பல வருடம் சோதித்தவர். தப்புகளை வேண்டுமென்றே வைத்த ஷீட்டைத் தனியாகச் சோதித்தவர்கள் சுமார் 60 சதவீதத் தப்புகளைப் பிடித்தார்கள். மூன்று பேராக உட்கார்ந்தபோது சுமார் 80 சதவீதம். மூன்று பேருக்குக் கடையில் எங்கே போவது? வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை போதும். ஒவ்வொரு ஃபார்முலாவும் என்ன செய்கிறது என்று அதற்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் திணறுகிற இடத்தில் நிறுத்தித் தோண்டுங்கள்.

●

கீரனூருக்குப் பக்கத்து நார்த்தாமலை சோழர் காலத்தில் வணிகர் சபை நடத்திய நகரம். அந்தக் காலத்து இருப்புக் கணக்கு எப்படி என்று பார்க்க தஞ்சைப் பெரிய கோயில் சுவருக்குப் போகலாம். ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியலில் எடை மட்டும் இல்லை. தங்கத்தை ‘ஆடவல்லான்’ என்ற கல்லாலும் மணிகள் பதித்த நகைகளை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற கல்லாலும் நிறுத்தது, கோத்த சரடை நீக்கி நிறுத்தது என்றெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அளவையும் நிறுத்த முறையும். இன்றைய ஷீட்டில் ‘இருப்பு: 40’ என்று பார்க்கிறபோது, மூட்டையா, கிலோவா, சிப்பமா என்று கேட்கத் தோன்றுகிறது.

●

தப்பைக் கண்டுபிடித்த பிறகு பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். திருத்தத்துக்குத் தனி வரி: தேதி, எவ்வளவு கூட்டியது அல்லது கழித்தது, ஏன், யார். ‘எலி கடித்து 2 கிலோ’ என்றுகூட எழுதலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் எலியா, தராசா, என்ட்ரியா என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-ம் பிரிவு சரக்கிருப்புக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அதிகாரி கேட்டால் இந்த வரிகள்தான் பதில் சொல்லும்.

●

ஷீட்டை நம்புவதற்கு முன் அதில் ஒரு பொய்ச் சரக்கைச் சேருங்கள். ஆரம்ப இருப்பு 100, வரவு 10, விற்பனை 110 என்று கொடுத்தால் இருப்பு பூஜ்யம் வர வேண்டும். விற்பனையை 111 ஆக்கினால் சிவப்பு காட்ட வேண்டும். வந்து சேரும் நாளை வெறுமையாக விட்டுப் பாருங்கள், காலாவதித் தேதியில் ‘நாளைக்கு’ என்று எழுத்தில் அடித்துப் பாருங்கள், ஒரு லட்சம் மூட்டை வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் ஷீட் அசையாமல் ஏதோ ஒரு விடையைக் கொடுக்கிறதோ அங்கே வேலை இருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்தச் சரக்கை மறக்காமல் நீக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் மார்ச் 31 அன்று ஆடிட்டர் அதற்கும் விலை போட்டு மதிப்பில் சேர்த்துவிடுவார்.